இருபத்திரண்டு பேர் எழுதாத குறை

ஆஸ்திரேலியாவில் எங்கள் விமெராப் பக்கத்து ஆட்களிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதைப் போல வீண் வேலை வேறு கிடையாது. விரல் ஒன்று அறுவடை இயந்திரத்தோடு போயிருந்தாலும் 'மோசமில்லை' என்பார்கள். அதற்கு மேல் கேட்டால் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். இப்படிப்பட்டவர்களிடம் படிவத்தை நீட்டி, குறை இருந்தால் எழுதுங்கள் என்று கேட்பதையே பத்தொன்பது வருடமாகப் பிழைப்பாக வைத்திருந்தாள் கிளெண்டா ட்ரெலோர்.

நாலு ஷயர் கவுன்சில்கள், அதாவது ஊராட்சிகள், சேர்ந்து ஹார்ஷம் ஊரில் ஒரு சின்ன அலுவலகம் வைத்திருந்தன. வட்டாரத்தில் யாராவது மருத்துவக் கருவி செய்யக் கிளம்பினால் அவர்களைக் கைதூக்கி விடுவது அதன் வேலை. மானியத்துக்கு விண்ணப்பம் எழுத வேண்டும், சோதித்துப் பார்க்க ஆள் பிடிக்க வேண்டும், நகரத்து முதலீட்டுக்காரர்களை அழைத்து வந்து தகரக் கொட்டகைகளைச் சுற்றிக்காட்ட வேண்டும். அலுவலகம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மேசை, ஒரு கெட்டில், கிளெண்டா. அவ்வளவுதான்.

வேலையில் அவள் கெட்டிக்காரி. அதுதான் வினையே. அவள் வளர்த்துவிட்ட கம்பெனிகளில் ஆறு நன்றாகக் காலூன்றின. காலூன்றிய ஆறும் மெல்பர்ன், ஜீலாங் என்று பெரிய நகரங்களுக்கு மூட்டை கட்டின. ஒவ்வொரு முறையும் கேக் வெட்டுவார்கள், கிளெண்டா இல்லாவிட்டால் நாங்கள் இல்லை என்று பேசுவார்கள், மறுநாள் லாரி வந்து நிற்கும். அவள் புருஷனும் இதே வழியில்தான் போனான். ஹார்ஷம் வங்கியில் வேலையாக இருந்தவனை ஜீலாங்குக்கு மாற்றினார்கள். இவள் கையிலிருந்த வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்றாள். வேலை முடியவில்லை. அவன் இப்போது வேறொரு குடும்பத்தோடு இருக்கிறான், கிறிஸ்துமஸுக்கு அட்டை அனுப்புகிறான். குழந்தைகள் இல்லை. அவள் வீட்டில் சமையலறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று என்று இரண்டு ரேடியோக்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகும்போது பேச்சு அறுந்துவிடக் கூடாது என்பதற்காக இரண்டிலும் ஒரே நிலையத்தை வைத்திருந்தாள். ஐம்பத்தெட்டு வயதில் அவளுக்கு வெள்ளிக்கிழமை என்று ஒரு நாள் இருந்தது. மற்ற ஆறு நாளையும் அதை நம்பித்தான் ஓட்டினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டாரில் மீபஸ் வீட்டில் அவளுக்குச் சாப்பாடு. கடையிலிருந்து காகிதத்தில் சுற்றி வாங்கிய வறுத்த மீனும் உருளைக்கிழங்கும்தான். டாரில் கிண்டலடிப்பான். அவன் மனைவி லியான் வினிகர் பாட்டிலை நீட்டி, "வந்ததும் வராததுமா படிவத்தை எடுக்காதே, முதல்ல தின்னு," என்பாள். நாலு வருடமாக ஒரு வெள்ளி தவறியதில்லை.

டாரில், காற்றடித்து விதை தூவும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். குழாய், வால்வு, அழுத்தம் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. லியானுக்குப் புற்றுநோய் அறுவைசிகிச்சை முடிந்த பிறகு இடதுகால் வீங்கி மரக்கட்டை போலாகிவிட்டது. அப்போது அவன் கொட்டகையில் உட்கார்ந்து அவளுக்காக ஒரு காற்றுக் காலுறை செய்தான். சின்னப் பம்பு ஒன்று பாதத்திலிருந்து தொடைவரை வரிசையாகக் காற்றை நிரப்பிக் காலை அமுக்கும், பிறகு விடும். காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி போட்டுக்கொண்டால் நீர் வடியும். தானியத்தை மூடும் தார்ப்பாய் தைக்கும் தையல்காரி லியான். உறையைத் தைத்தது அவள்தான். ஊரில் அதற்கு டாரில் பூட்ஸ் என்று பெயர் விழுந்தது. மூன்று வருடம் கழித்து அது கிளெண்டாவின் மேசைக்கு வந்து, மானியம் வாங்கி, மெல்பர்ன் முதலீட்டுக்காரர் ஒருவரின் கண்ணிலும் பட்டுவிட்டது. டாரில் ஒரே ஒரு நிபந்தனை போட்டான். தொழிற்சாலை ஹார்ஷமில்தான் இருக்க வேண்டும். கார்பார்க்கில் தனியாக நின்றபோது கிளெண்டா அதை நினைத்துக் கொஞ்சம் அழுதாள்.

பதினாலு பேருக்கு வேலை என்று பேச்சு. முதலீட்டுக்காரர் கேட்டது ஒன்றுதான். வீடுகளில் வைத்துச் சோதித்த முடிவு குறையில்லாமல் வர வேண்டும். கிளெண்டா கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு திங்கட்கிழமையைக் கெடுவாக வைத்திருந்தார்.

சோதனைக்கு வீங்கிய காலோடு இருந்த இருபத்திரண்டு பேரை அவளே பொறுக்கி எடுத்திருந்தாள். ரெயின்போ, ஜெபரிட், நில், காணிவா என்ற ஊர்களில் நூறு மைல் சுற்றளவில் சிதறிக் கிடக்கும் பண்ணை வீட்டுக்காரர்கள், பாதிப் பேர் தனி ஆட்கள். நாலு மாதம் பூட்ஸைப் போட்டுப் பார்த்தார்கள். படிவங்கள் வந்தன. 'ஏதேனும் குறை?' என்ற கேள்விக்கு நேரே இருபத்திரண்டு பேரும் 'இல்லை' என்று எழுதியிருந்தார்கள். சிலர் கூடவே 'டாரிலுக்கு என் அன்பு' என்றும் எழுதியிருந்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வாரம், பூட்ஸ்களைத் திருப்பி வாங்கக் கிளம்ப இருந்தபோது ரெயின்போவிலிருந்து போன் வந்தது. கிளெம் ரோடி இறந்துபோனார். இருதயம். எண்பத்தொரு வயது, தனி ஆள். பக்கத்துப் பண்ணைக்காரி பேசினாள். சொந்தக்காரர்கள் அடிலெய்டிலிருந்து வர இரண்டு நாளாகும், உங்கள் சாமான் ஒன்று அங்கே இருக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள், சாவி கேஸ் சிலிண்டருக்கு அடியில் இருக்கும் என்றாள்.

செவ்வாய் மத்தியானம் கிளெண்டா போய்ச் சேர்ந்தாள். சமையலறையில் ஒரு கோப்பை, ஒரு தட்டு. ஜன்னலைப் பார்த்தபடி ஒரு நாற்காலி. அதன் காலடியில் பூட்ஸ், வயர்கூடப் பிடுங்கப்படாமல். குனிந்து எடுத்தவள் அப்படியே நின்றாள். கணுக்கால் வரும் இடத்தில் உள்பக்கமாக ஆட்டுத்தோல் வைத்து மீன்பிடி நரம்பால் நுணுக்கமாகத் தைத்திருந்தது. பம்புக் குழாய் உறையில் சேரும் இடத்தில் தோட்டத்துக் குழாயை ஒரு சாண் அளவுக்கு வெட்டிப் பிளந்து மாட்டி, வைக்கோல் கட்டும் நீலக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பூட்ஸோடு சேர்த்துக் கொடுக்க அவர் முன்கூட்டியே நிரப்பி வைத்த கடைசிப் படிவம் ஒட்டியிருந்தது. குறை: இல்லை.

கிளெண்டா அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். கைப்பையில் இருந்த சின்னக் கத்தரியால் தையலைப் பிரித்து ஆட்டுத்தோலை எடுத்தாள், கயிற்றையும் அவிழ்த்தாள். டாரில் செய்த வடிவத்துக்கு வந்துவிட்ட பூட்ஸைத் தன் காலில் மாட்டிக்கொண்டு பம்பைப் போட்டாள். இந்தப் பூட்ஸைப் பற்றி அவள் எழுதித் தள்ளிய பக்கங்களுக்கு அளவில்லை. ஒரு தடவைகூடக் காலில் போட்டுப் பார்த்ததில்லை. பத்தாவது நிமிடம் காலை அசைத்தபோது குழாய் கழன்று புஸ்ஸென்றது. மாட்டினாள். மறுபடி கழன்றது. இருபதாவது நிமிடம் கழற்றிப் பார்த்தாள். கணுக்கால் எலும்பின் மேல் தையல் உரசிச் சிவந்திருந்தது. நல்ல காலுக்கே இப்படி என்றால், வீங்கி உணர்வு மரத்த காலுக்குப் புண் வர ஒரு வாரம் போதும்.

ஜன்னலுக்கு வெளியே காலியான ஆட்டுப்பட்டி தெரிந்தது. தினமும் இரண்டு மணி நேரம் அந்த மனிதர் இதைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாதா மாதம் அவள் போனில் விசாரித்தபோதெல்லாம் மோசமில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்குப் போன் செய்ய வேண்டுமே என்று அவசரப்படுகிறவளை விடாமல் மழையைப் பற்றிக் கேட்டார். அப்போது இன்னும் பத்து நிமிடம் பேசியிருக்கலாம் என்று கிளெண்டாவுக்கு இப்போது தோன்றியது. தோன்றி என்ன பிரயோஜனம்.

எங்கள் பக்கத்தில் போன் செய்யாமல் யார் வீட்டு வாசலையும் மிதிப்பதில்லை. கிளெண்டாவும் பத்தொன்பது வருடமாக அப்படித்தான் போய்வந்தாள். அந்த வாரம் முதல்முறையாக அதை மீறினாள். புதன்கிழமை காலையில் ஜெபரிட்டில் பெரில் ஆல்பிரெக்ட் வீட்டுக் கதவைத் தட்டினாள். எழுபத்தாறு வயது பெரில் பூட்ஸைப் போட்டபடியே வந்து திறந்தாள். பழைய வெந்நீர்ப் பையின் ரப்பர் கணுக்காலில் எட்டிப் பார்த்தது.

"ஒரு போன் பண்ணிட்டு வந்திருக்கலாம்ல, பொண்ணே?" என்றாள் பெரில். அவள் முகம் சுருங்கிவிட்டது.

கிளெண்டா ரப்பரைக் காட்டி, இதைப் படிவத்தில் எழுதவில்லையே என்றாள்.

"என்னத்த எழுத? லேசா உரசிச்சு, ரப்பரை வெட்டி வெச்சேன், சரியாப் போச்சு. சரியாப் போன அப்புறம் அது எப்படிக் குறையாகும்?"

"திருப்பித் தரும்போது இதை எடுத்திருப்பீங்களா?"

"பின்னே? இரவல் சாமானைக் கழுவித் துடைச்சு, வாங்கினபடியே குடுக்கிறதுதான் எங்க வழக்கம். டாரில் நம்ம பையன். அவன் அப்பன் எங்க விதைப்பு மெஷினை ஞாயித்துக்கிழமைன்னுகூடப் பார்க்காம வந்து சரி பண்ணுவான். அவன் செஞ்சதை நொட்டை சொல்லி எழுதிக் குடுக்கச் சொல்றியா?"

மூன்று நாளில் மீதி இருபது வீட்டையும் பார்த்துவிட்டாள். சைக்கிள் டியூப், பழைய காலுறை, குதிரைச் சேணத்து வார், பால் கறக்கும் இயந்திரத்தின் ரப்பர் வளையம். அவரவர் வீட்டில் என்ன கிடைத்ததோ அதை வைத்து அத்தனை பேரும் பூட்ஸைச் சரி செய்திருந்தார்கள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எதையும் சரி செய்யத் தெரிந்த இருபத்திரண்டு பேரைத் தேடிப் பிடித்து, சாமான் சரியாக இருக்கிறதா என்று கேட்டவள் அவள்தானே. பாதி வீடுகளில் அவளுக்கு டீகூடக் கொடுக்கவில்லை. சொல்லாமல் வந்து எட்டிப் பார்த்துவிட்டாள் என்று அவர்களுக்குக் கோபம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது. சொல்லாவிட்டால் திங்கட்கிழமை கையெழுத்து, தொழிற்சாலை, பதினாலு வேலை. சொன்னால் அந்தச் சாப்பாட்டு மேசை போய்விடும். அவளுக்கு அது நன்றாகவே தெரிந்தது. இரண்டு தெரு சுற்றிவிட்டுத்தான் அவர்கள் வாசலில் காரை நிறுத்தினாள்.

"வாங்க, படிவ மகாராணி. திங்கக்கிழமைக்குப் பேனா ரெடியா?" என்றபடி டாரில் மீன் பொட்டலத்தைப் பிரித்தான்.

அவள் உட்காராமலே சொன்னாள். கிளெம் வீட்டில் பார்த்தது, தன் காலில் போட்டுப் பார்த்தது, எல்லாம். டாரில் சிரித்த முகம் மாறாமலே கேட்டுக்கொண்டிருந்தான். மாற்ற அவனுக்கு நேரம் பிடித்தது.

"எத்தனை பேரு?" என்றான்.

"இருபத்திரண்டு."

"எத்தனை பேர்ல?"

"இருபத்திரண்டு பேர்லதான், டாரில்."

லியான் கையில் தட்டோடு நின்றாள். "திங்கட்கிழமை கையெழுத்து ஆகட்டும். அப்புறமா மெதுவா சரி பண்ணிக்கக் கூடாதா?" என்றாள். குரல் உயரவில்லை.

"மெல்பர்ன்ல நாலாவது மாடியில ஒருத்தி தனியா இருப்பா, லியான். அவகிட்ட வைக்கோல் கயிறு இருக்காது. ஆட்டுத்தோல் இருக்காது. புண்ணு வந்தா குனிஞ்சு பார்க்கக்கூட ஆள் இருக்காது," என்றாள் கிளெண்டா. யாரைப் பற்றிச் சொல்கிறோம் என்று அவளுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது.

யாரும் உட்காரச் சொல்லவில்லை. மீன் ஆறிக்கொண்டிருந்தது. அவள் கார்ச்சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

டாரில் மானஸ்தன். ஞாயிற்றுக்கிழமையே அவனாக முதலீட்டுக்காரருக்கு எழுதிப்போட்டான். என் சாமானில் கோளாறு இருக்கிறது, சரி செய்துவிட்டு வருகிறேன் என்று. அவர் மரியாதையாகப் பதில் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். ஒரு வாரத்துக்குள் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. பதினாலு வேலையைக் கெடுத்தவள் என்று யாரும் அவள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. எங்கள் ஊரில் அப்படியெல்லாம் சொல்ல மாட்டார்கள். சூப்பர்மார்க்கெட்டில் தலையசைப்பார்கள், வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவார்கள். கோபித்துக் கத்தினால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

ஒரு மாதம் கழித்து டாரில் ஒரு பழப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தான். ஒவ்வொரு வீடாகப் போய் அவர்கள் ஒட்டுப்போட்டதையெல்லாம் கேட்டு வாங்கி வந்திருந்தான். அவள் மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். "அத்தனை பேரும் என்னைவிட நல்ல மெக்கானிக்கா இருக்காங்க. பெரில் கிழவியோட ரப்பர் இருக்கே, அதுதான் சரியான கனம். நான் ஏழு வருஷம் மண்டையை உடைச்சுக்கிட்டும் தோணலை," என்றான். சிரித்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம், லியானுக்கு மனசு சரியில்லை என்றான். கிளெண்டா அதற்கென்ன என்றாள்.

அந்தக் கொஞ்ச நாள் பத்து மாதமாக நீண்டது. வெள்ளிக்கிழமைகளில் அவள் நில்லுக்கோ ஸ்டாவெல்லுக்கோ வேலை வைத்துக்கொண்டு, திரும்பும் வழியில் பெட்ரோல் நிலையத்தில் ஏதாவது வாங்கிக் காரிலேயே சாப்பிட்டாள். அதே சமயம் புதிய பூட்ஸுக்காக ராப்பகலாக மெனக்கெட்டாள். இந்தத் தடவை சோதனைக்கு நகரத்து அடுக்குமாடிகளில் ஆள் பிடித்தாள், அவர்கள் பக்கம் பக்கமாகக் குறை எழுதி அனுப்பினார்கள். படிக்கப் படிக்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. டாரிலோடு தினமும் வேலை விஷயமாகப் பேசினாள். வேலையைத் தாண்டி ஒரு வார்த்தை வரவில்லை. ஒதுங்கிப்போன முதலீட்டுக்காரரே திரும்பி வந்தார். ஹார்ஷமின் டிம்பூலா ரோட்டில் ஒரு பழைய கம்பளிக் கிடங்கைத் தொழிற்சாலையாக்கினார்கள். பதினாலு இல்லை, பதினோரு பேருக்கு வேலை. அவள் வளர்த்ததில் ஊரை விட்டுப் போகாத முதல் கம்பெனி.

திறப்பு விழா ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நடந்தது. டாரில் இருபத்திரண்டு பெயரையும் வாசித்து அவரவரை நிற்க வைத்தான். கிளெம் ரோடியின் பெயருக்கு எல்லோரும் எழுந்தார்கள். கடைசியில், "அந்தப் படிவ மகாராணி தொல்லை குடுக்காம இருந்திருந்தா நாம இங்கே நின்னிருக்க மாட்டோம்," என்றான். கை தட்டினார்கள். பெரில் வந்து, அடுத்த முறை போன் செய்துவிட்டு வா என்று சொல்லி அவள் கன்னத்தில் முத்தமிட்டாள். ஊர் மன்னித்துவிட்டது. கிளெண்டாவின் கண்கள் லியானையே தேடின.

லியான் தையல் மேசைகள் இருந்த பக்கமாக நின்றாள். கிளெண்டா அருகே போனதும் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் பேசினாள்.

"உன்மேல எனக்குக் கோபமே கிடையாது, கிளெண்டா. கோபம்னு அவன் நினைச்சிட்டிருக்கான், நானும் விட்டுட்டேன்." நூல்கண்டு ஒன்றைக் கையில் எடுத்து உருட்டினாள். "இருபத்திமூணாவது ஆள் நான்தான். ஏழு வருஷமா கணுக்கால்ல துண்டை மடிச்சு வெச்சுத்தான் போட்டிருந்தேன். முதல் நாளே உரசிச்சு. அவன் கொட்டகைத் தரையில மண்டி போட்டு உக்காந்து, வலிக்குதான்னு கேட்டான். அந்த மூஞ்சியைப் பார்த்துட்டு எப்படிச் சொல்றது? இல்லேன்னுட்டேன். அப்புறம் மானியம், சோதனைன்னு எல்லாம் வந்துடுச்சு. சொல்ல வாயே வரலை."

கிளெண்டாவின் பார்வை அவள் கணுக்காலுக்குப் போனது.

"எல்லாரும் மறைச்சதை அவன் தாங்கிட்டான். சிரிச்சான்கூட. நான் மறைச்சேன்னு தெரிஞ்சா தாங்க மாட்டான். உன்கிட்ட சொல்லாம என்னால இருக்க முடியலை. ஆனா இனிமே நீ எங்க மேசையில எதிர உக்காந்தா அது உன் மூஞ்சியில தெரியும். உனக்கு மறைக்கவே வராது."

அதற்குள் டாரில் கையில் கேக் தட்டோடு வந்துவிட்டான். இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்ததில் அவன் முகம் மலர்ந்தது. "அப்பாடா, பேசிட்டீங்களா? சாயங்காலம் வீட்டுக்கு வந்துடு, கிளெண்டா. மீன் வாங்கறேன். பத்து மாசமா மீதியாகுற உருளைக்கிழங்கை நானே தின்னு தொப்பை போட்டுட்டேன்," என்றான்.

பத்து மாதமாக அவள் காத்திருந்த வார்த்தை அதுதான். காரில் தனியாகச் சாப்பிட்ட ஒவ்வொரு வெள்ளியும் இதைத்தான் மனசுக்குள் கேட்டுப் பார்த்திருக்கிறாள். லியான் நூல்கண்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னிக்கு முடியாது, டாரில். நில்லுக்குப் போகணும்."

"அப்ப அடுத்த வெள்ளி."

"அதுவும் முடியாது."

அவன் தட்டைக் கீழே வைத்தான். "இன்னும் எம்மேல கோபமா?"

கிளெண்டா அவனை நேராகப் பார்த்தாள். முகத்தில் எதுவும் தெரியாதபடி பார்த்துக்கொண்டாள். அது அவளுக்கு நன்றாகவே வந்தது.

"ஆமா," என்றாள். "வர வேண்டாம்னு சொன்னதை என்னால மறக்க முடியலை."

டாரிலின் முகம் விழுந்துவிட்டது. தலையை ஆட்டிவிட்டு, வந்தவர்களை வழியனுப்ப வாசல் பக்கம் போனான். லியான் அவள் கையை ஒரு முறை அழுத்திவிட்டு, அவன் பின்னாலேயே போனாள்.